பயிற்சி யாருக்கு? செலவு யாருடையது?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கல்லூரி, பல்கலைக்கழக நூல்நிலைய ஊழியர்கள் மத்தியில் நாம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் வந்திருக்கிறீர்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள். துணி துவைக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளைகளைக் கவனிக்கவும் இருக்கிற நாள். அதை விட்டுவிட்டு, நூல்நிலைய ஊழியரின் தொழிற் பயிற்சி என்ற விஷயத்தைக் கேட்க வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

பயிற்சி என்ற சொல்லுக்கு நம் வட்டாரத்தில் நல்ல பெயர் கிடையாது. இது மில் வட்டாரம். பஞ்சும் நூலும் பேண்டேஜ் துணியும்தான் இங்கே பிழைப்பு. மில் வாசலில் நிற்கிற ஒரு தொழிலாளியிடம் போய், "உங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சந்தோஷப்பட மாட்டார்; சம்பளத்தில் எவ்வளவு குறைக்கப் போகிறார்கள் என்றுதான் கேட்பார். காரணம் இருக்கிறது. வருஷக்கணக்கில் ரிங் பிரேமில் நின்று முழு வேலையும் பார்த்த பெண் பிள்ளைகளுக்கு "பயிற்சியாளர்" என்று பெயர் சூட்டி, முழுச் சம்பளத்தை மறுக்கிற வித்தையைத் தமிழ்நாட்டு நூற்பாலை முதலாளிகள் பலர் வெகுகாலம் நடத்தியிருக்கிறார்கள். அதற்கு "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயர் வேறு!

மில்லில் பயிற்சி முடிவதே இல்லை. நூல்நிலையத்திலோ அது தொடங்குவதே இல்லை. உதவியாளராகச் சேர்ந்த அன்று ஒரு சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து, "இது அலமாரி, இது ரிஜிஸ்டர்" என்று காட்டியதோடு சரி. இருபது வருஷம் கழித்து ஓய்வு பெறும்போதும் அந்த ஊழியர் கற்றதெல்லாம் தானே தட்டுத் தடுமாறிக் கற்றதாகத்தான் இருக்கிறது. இந்த நிலைமை யாருக்கு நஷ்டம்? ஊழியருக்கு மட்டுமா? நூல் தேடி வந்து கிடைக்காமல் திரும்பிப் போகிற மாணவனுக்கும் மாணவிக்கும் யார் பதில் சொல்வது? இதைத்தான் இன்று பேச வேண்டும்.

நூல்நிலையப் பயிற்சி என்றால் தமிழ்நாட்டில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவரை "நூலகத் தந்தை" என்று சொல்லி, ஆகஸ்ட் மாதம் வந்தால் படத்துக்கு மாலை போட்டு, சுண்டல் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். மாலை போடுகிற நிர்வாகத்தார் அவருடைய கதையின் ஆரம்பத்தை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அந்த ஆரம்பத்தை நாம் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ரங்கநாதன் கணித ஆசிரியர். சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு நூல்நிலையத் தொழிலில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் நூல்நிலையங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார் என்று சொல்வதுண்டு. அவ்வளவுதான் மூலதனம். வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தனிமை தாங்காமல், "எனக்கு இந்த வேலை வேண்டாம், வகுப்புக்கே திரும்பி வந்துவிடுகிறேன்" என்று பழைய கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல்வர் சொல்லி அனுப்பினார்.

பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே யூனிவர்சிடி கல்லூரியில் சேர்ந்தார். கிராய்டன் நகர நூலகராக இருந்த பெர்விக் ஸேயர்ஸ் என்பவரிடம் தொழில் கற்றார். பல நூல்நிலையங்களுக்கு நேரில் போய் எப்படி நடக்கிறது என்று பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ என்கிற விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம்: அதே இரும்புத் துண்டுகளை வேறு வேறு விதமாகத் திருகி மாட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். புத்தகங்களுக்கு எண் கொடுப்பதையும் இப்படிச் செய்யலாமே என்ற யோசனை அங்கே முளைத்தது. அதுதான் பிறகு 1933-ல் கோலன் பகுப்பு முறை என்று உலகம் அறிந்த நூலாயிற்று. 1925-ல் அவர் சென்னைக்குத் திரும்பி வந்தபோது, வேலை வேண்டாம் என்று சொன்ன மனிதர் போய், அந்த வேலையை விட மனமில்லாத மனிதர் வந்தார்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் எது? தொழில் தெரியாத ஒருவரை நியமித்த பல்கலைக்கழகம், "உன் சொந்தக் காசில் கற்றுக்கொண்டு வா" என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள் என்றும் சொல்லவில்லை. அது வெள்ளைக்காரன் ஆட்சி. தொழிலாளிக்குக் காருண்யம் காட்டிய ஆட்சி என்று யாரும் சொல்லப் போவதில்லை. அந்த ஆட்சியில் சென்னையிலிருந்து லண்டனுக்கு ஆளை அனுப்ப முடிந்தது. இன்றைக்கு ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஓர் உதவியாளரை ஒரு நாள் பயிலரங்கத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால், பஸ் சார்ஜ் யார் கொடுப்பது என்பதில் கோப்பு ஒரு மாதம் தூங்குகிறது. அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொன்ன இடமும் உண்டு. ஊர் பெயர் சொல்ல வேண்டாம். உங்களில் பலருக்குத் தெரிந்த சங்கதிதான்.

ரங்கநாதன் தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1928-ல் சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்றியது. மறு வருஷமே, 1929-ல், அந்தச் சங்கம் கோடைகாலப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. 1931-ல் அதைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1937-ல் அது ஒரு வருஷ டிப்ளமாப் படிப்பாக வளர்ந்தது. பரோடாவில் 1911-லேயே, லாகூரில் 1915-லேயே இந்தப் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நிலைத்து நின்று பரம்பரை பரம்பரையாக நூலகர்களைத் தயாரித்த இடம் சென்னை. பிற்காலத்தில் ரங்கநாதன் தன் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்கு, நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காகக் கொடுத்தார். தன் மனைவி சாரதாவின் பெயரையும் அதில் சேர்த்தார். பல்கலைக்கழகம் அவருக்குச் செய்த செலவு எத்தனை மடங்காகத் திரும்பியது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த நிர்வாகத்தார் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே வந்திருப்பவர்களில் பெண்கள் அதிகம் என்பதால் இன்னொரு செய்தியும் சொல்கிறோம். உலகத்தில் முதல் நூல்நிலையப் பள்ளியை அமெரிக்காவில் மெல்வில் டூயி 1887-ல் கொலம்பியாக் கல்லூரியில் தொடங்கினார். முதல் வகுப்பில் இருந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்தது கல்லூரி நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. சண்டை முற்றி, 1889-ல் பள்ளியே ஆல்பனி நகரத்துக்கு இடம் மாறிற்று. ஆக, பயிற்சிக்காகப் போராடுவது இந்தத் தொழிலில் பிறவியிலேயே வந்த குணம்!

சரி, "புத்தகம் எடுத்துக் கொடுப்பதற்கு என்ன பெரிய பயிற்சி?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகத்தில் மட்டுமல்ல, ஆசிரியர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்குக் கொடுப்போம். தமிழ் இலக்கியத்துக்கு டூயி தசம முறையில் எண் 894.811. கவிதைக்கு 894.8111. நாடகத்துக்கு 894.8112. நாவலுக்கும் சிறுகதைக்கும் 894.8113. இலக்கிய வரலாற்றுக்கு 894.81109. இப்போது கேட்கிறோம்: 894.8111, 894.81109 - இந்த இரண்டில் அலமாரியில் எது முதலில் வரும்?

யாருக்கும் சொல்லிக் கொடுக்காவிட்டால், நீளமான எண்தான் பெரியது என்று நினைத்து, இலக்கிய வரலாற்றைக் கொண்டுபோய்க் கவிதைக்குப் பின்னால் வைப்பார்கள். அது தவறு. புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நாலாவது இலக்கத்தில் ஒன்றில் பூஜ்யம், மற்றதில் ஒன்று. பூஜ்யம் முன்னால். ஆகவே 894.81109 முதலில். சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். சொல்லிக் கொடுக்காவிட்டால்? தவறான தட்டில் வைத்த புத்தகம் திருட்டுப் போன புத்தகத்துக்குச் சமம். கம்ப்யூட்டர் "புத்தகம் இருக்கிறது" என்கிறது. மாணவி தட்டில் பார்த்து "இல்லை" என்கிறாள். பழி அட்டெண்டர் தலையில் விழுகிறது. அரை மணி நேரப் பயிற்சியை மிச்சம் பிடித்த நிர்வாகம் இருபது வருஷம் அதற்கு வட்டி கட்டுகிறது. வட்டியைக் கட்டுவது நிர்வாகம் என்று சொன்னோமே, அதுகூடச் சரியில்லை. கட்டுவது மாணவர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் தமிழ்ப் புத்தகங்களின் விஷயம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதை வெளியூர்க்காரன் வந்து தீர்த்து வைக்க மாட்டான்.

பல கல்லூரிகளில் கார்டு கேட்டலாக்கை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தபோது என்ன நடந்தது? தமிழில் தட்டச்சுச் செய்ய வசதி இல்லை, அல்லது தெரிந்த ஆள் இல்லை. தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டார்கள். எப்படி அடித்தார்கள்? அவரவர் இஷ்டப்படி. "திருக்குறள்" என்பதில் முதல் எழுத்துக்கு "டி"யோடு "எச்" சேர்த்தவர் ஒருவர், சேர்க்காதவர் ஒருவர். "ழ"வுக்கு ஒருவர் "இஸட் எச்" போட்டார், ஒருவர் "எல்" போட்டார். "சிலப்பதிகாரம்" "சி"யிலும் இருக்கும், "எஸ்"ஸிலும் இருக்கும். ஒரே புத்தகம் நாலு வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. தேடுகிற மாணவன் ஐந்தாவது விதமாக அடிக்கிறான். "இல்லை" என்று பதில் வருகிறது. புத்தகம் பத்தடி தூரத்தில் தூசி படிந்து கிடக்கிறது.

தமிழிலேயே அடித்த இடங்களில் வேறு விதமான வினை. யூனிகோடு வருவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். பாமினி ஒன்று, வானவில் ஒன்று, இன்னும் எத்தனையோ. அவற்றில் அடித்ததைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது "பாரதியார் கவிதைகள்" என்பது எந்த மொழியிலும் சேராத குப்பை எழுத்தாக ஆகிவிட்டது. 2010-ல் தமிழ்நாடு சர்க்கார் யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டது. உத்தரவு போட்டால் பழைய பதிவுகள் தானாகத் திருந்துமா? ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்துகிறவருக்கு அது எப்படி என்று தெரிய வேண்டும்.

பெயர்களின் கதை இன்னும் வேடிக்கை. மேனாட்டு மென்பொருள் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்கிறது. தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு இருப்பது தகப்பனார் பெயரின் முதலெழுத்து, சில சமயம் ஊரின் முதலெழுத்தும். மு. வரதராசன் என்ற பெயரை "மு"வில் பதிவதா, "வரதராசன்" என்று பதிவதா, மு.வ. என்று மக்கள் அறிந்தபடி பதிவதா? புதுமைப்பித்தனைப் புதுமைப்பித்தன் என்றா, விருத்தாசலம் என்றா? எதையாவது ஒன்றைத் தீர்மானித்து, மற்றதிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். அதற்கு விதிகள் உண்டு. விதிகளைக் கற்றவர்கள் ஒரு அறையில் நாலு நாள் உட்கார்ந்தால் இந்த வட்டாரத்துக்கே ஒரே முறை ஏற்படுத்திவிடலாம். அந்த நாலு நாளைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

மின்னணுச் சஞ்சிகைகளின் விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். 2024 நவம்பரில் மத்திய மந்திரி சபை "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 13,000 ஆராய்ச்சிச் சஞ்சிகைகள். மத்திய, மாநில சர்க்கார்கள் நடத்துகிற 6,300 நிறுவனங்களுக்கு இது கிடைக்கும் என்று சொன்னார்கள். தனியார் நிறுவனங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே. உதவி பெறும் கல்லூரிகளுக்கு காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரி நூல்நிலையம்தான் பயனர் கணக்கு ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த ஊழியருக்கு வழி தெரியாவிட்டால் கட்டிய சந்தா அப்படியே வீண். ஆராய்ச்சி மாணவரின் ஆய்வேட்டை "ஷோத்கங்கா"வில் ஏற்றுவது, காப்பியடித்திருக்கிறாரா என்று மென்பொருளில் சோதிப்பது, இவையும் பெரும்பாலும் நூல்நிலையத்தின் தலையில்தான் வந்து விழுந்திருக்கின்றன. அறிக்கையில் 30 சதவீதம் என்று வந்தால் அது உண்மையில் திருட்டா, மேற்கோளா, பொதுச் சொற்களா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத நிலையில், ஒரு மாணவியின் ஐந்து வருஷ உழைப்பு ஓர் எண்ணில் தொங்குகிறது.

இப்போது புதிதாக ஒன்று. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள் பிள்ளைகள். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. "சார், இந்தப் புத்தகம் வேண்டும்" என்கிறார்கள். நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் அப்படி ஒரு புத்தகம் உலகத்தில் இல்லை! கருவி கற்பனை செய்தது. இதைக் கண்டுபிடித்துப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும்.

இவ்வளவு வேலைக்கும் பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது? மேலே இருக்கிற ஒருவருக்கு. அதை நாம் குறை சொல்லவில்லை. 1957-ல் பல்கலைக்கழக மானியக் குழு ரங்கநாதன் தலைமையிலேயே ஒரு நூல்நிலையக் கமிட்டி அமைத்தது. நூலகருக்கு ஆசிரியருக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்பது அதன் சிபாரிசு. பிறகு 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் வந்தன. 2015-ல் அவற்றின் பெயர் மாறியது, 2023-ல் மாளவியா பெயரால் மறுபடி மாறியது. நூலகருடைய பதவி உயர்வுக்கு அங்கே நடக்கிற புத்தாக்கப் பயிற்சி கணக்கில் சேரும். நல்லது. ஆனால் அவருக்குக் கீழே இருக்கிற உதவியாளர்? தட்டில் புத்தகம் அடுக்குகிற அட்டெண்டர்? கான்ட்ராக்டில் வந்து பார்கோடு ஒட்டுகிற பெண்? அவர்கள் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் அது பதவி உயர்வுக் கணக்கில் ஏறுவதில்லை. பல சுயநிதிக் கல்லூரிகளில் அந்த "மேலே இருக்கிற ஒருவர்" கூட மானியக் குழுச் சம்பளத்தில் இல்லை என்பது வேறு விஷயம்.

இதில் நம்மவர்களும் யோசிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. படித்துப் பட்டம் வாங்கிய நூலகர் சிலர், "அட்டெண்டருக்கு எதற்குக் கோஹா?" என்று கேட்கிறார்கள். கோஹா என்பது பல கல்லூரிகளில் ஓடுகிற நூல்நிலைய மென்பொருள். நியூஸிலாந்தில் ஒரு சின்ன வட்டார நூல்நிலையத்துக்காக 1999-ல் எழுதப்பட்டு, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. மாவோரி மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பரிசு என்று அர்த்தம். உலகத்துக்குப் பரிசாகக் கொடுத்த ஒன்றை நாம் பூட்டி வைப்பதா? தவிரவும், எந்தப் பையன் எந்தப் புத்தகத்தை எப்போது கேட்பான், நீல அட்டைப் புத்தகம் என்று கேட்டால் எதைக் கேட்கிறான் என்பதெல்லாம் அந்த அட்டெண்டர் அண்ணாச்சிக்குத்தான் தெரியும். அவருக்குக் கருவி தெரிந்தால் அவருடைய ஞாபகசக்தி எல்லாருக்கும் பொதுச் சொத்தாகும். தெரியாவிட்டால் அவர் ஓய்வு பெறுகிற அன்று அதுவும் கூடவே வாசலைத் தாண்டிப் போய்விடும்.

நிர்வாகத்தார் என்ன காரணம் சொல்கிறார்கள்?

"பயிற்சி கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள்" என்பது ஒன்று. ஆமாம், போவார்கள். கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒரே சம்பளம் என்றால் போகாமல் என்ன செய்வார்கள்? அதற்கு மருந்து சம்பளத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பயிற்சிக்கு முன்னால் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும், அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுவதும் பண்ணை முறை.

"மென்பொருள் விற்ற கம்பெனிக்காரன் வந்து காட்டிவிட்டுப் போனானே" என்பது இன்னொன்று. வந்தான். ஒரு மணி நேரம் பேசினான், திரையில் அங்குமிங்கும் தட்டினான், காப்பி குடித்தான், போனான். தன் சரக்கை விற்கிறவன் தன் சரக்கில் இருக்கிற ஓட்டையைக் காட்டுவானா? அது விளம்பரம். பயிற்சி என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

மூன்றாவதாக, "இன்டர்நெட்டில் எல்லாம் இலவசமாக இருக்கிறதே, இரவில் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாமே" என்கிறார்கள். ஸ்வயம் போன்ற தளங்களில் நல்ல பாடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் காலையில் கிருஷ்ணன்கோவிலுக்கு பஸ் ஏறி, மாலை திரும்பி, சமையல் முடித்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முடிக்கும்போது மணி பத்து. அதற்குப் பிறகு இங்கிலீஷில் பேசுகிற வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்கிறார்கள். படித்து முடித்தால் பரீட்சைக் கட்டணம் சொந்தக் கையிலிருந்து. கற்ற வித்தையை மறுநாள் காலையில் பயன்படுத்திக்கொள்வது நிர்வாகம்! நியாயமா இது?

ஆகவே நம்முடைய கோரிக்கையைக் கவனமாக எழுத வேண்டும் என்று சொல்கிறோம். "பயிற்சி வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் மில்லில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். பயிற்சிக் காலம் என்று சொல்லி இரண்டு வருஷம் அரைச் சம்பளத்தில் ஆள் எடுப்பார்கள். பயிற்சி வேலை நேரத்தில் நடக்க வேண்டும்; போகிற நாள் பணி நாளாகக் கணக்கில் ஏற வேண்டும். பிரயாணச் செலவும் கட்டணமும் நிர்வாகத்துடையது. நிரந்தர ஊழியர், கான்ட்ராக்ட் ஊழியர் என்ற பேதம் கூடாது. புத்தகத்தைக் கையில் தொடுகிற எல்லாருக்கும் உண்டு. முடித்ததைப் பணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியதற்குச் சம்பளத்தில் ஓர் அர்த்தம் இருக்க வேண்டும். பாடம் தமிழில் வேண்டும். கடைசியில் சொன்னாலும் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பத்தாவது படித்து வேலைக்கு வந்த அண்ணாச்சிக்கு தசம வரிசை புரியாமல் போவதற்குக் காரணம் கணக்கு இல்லை. கணக்கைச் சொன்ன பாஷை.

இவையெல்லாம் கிடைக்கிற வரை கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இந்த மண்ணில் நூல்நிலையம் என்பது நேற்று முளைத்த சங்கதி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூல்நிலையம் 1875-ல் தோன்றியது. இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலம் அது. அந்த ஜில்லாவின் கலெக்டர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கலெக்டர்கள் போய்விட்டார்கள், வெள்ளைக்காரனும் போய்விட்டான், ஜில்லாவே இரண்டு தடவை மாறி விருதுநகர் ஜில்லாவாகிவிட்டது. வாசகர்கள் மட்டும் 150 வருஷமாக வந்துகொண்டிருக்கிறார்கள். பால்கோவாவுக்கும் ஆண்டாள் கோபுரத்துக்கும் கொடுக்கிற பெருமையில் கொஞ்சம் இதற்கும் கொடுக்கலாம். பிறகு 1970-களில் ராஜபாளையத்தில் கல்லூரிகள் வந்தன. கிருஷ்ணன்கோவில் பொறியியல் கல்லூரி 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆக, 150 வருஷத்துப் பழைய அலமாரியிலிருந்து இன்றைய மின்னணுச் சஞ்சிகை வரை எல்லாம் ஒரு பஸ் பாதையில் இருக்கின்றன. ஒரு ஊருக்கும் மற்றொரு ஊருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

ஒவ்வொரு நூல்நிலையத்திலும் ஏதாவது ஒன்றை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். ஒருவருக்குப் பழைய தமிழ்ப் பதிப்புகள் தெரியும். ஒருவருக்குக் கோஹாவின் உள்குடல் தெரியும். ஒருவருக்குப் பூச்சி அரித்த ஏட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியும். மாதம் ஒரு நாள், ஒரு தடவை ராஜபாளையத்தில், அடுத்த தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில், கூடிக் கற்றுக்கொடுத்துக் கொள்ளலாம். பொது நூல்நிலைய ஊழியர்களையும் கூப்பிட வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் சொற்பத் தொகுப்பூதியத்தில் தனியாளாக ஒரு கட்டடத்தையே தாங்குகிறார்கள். ஓய்வு பெற்ற நூலகர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக நூல்நிலையத்துக்கு ஒரு தரம் கூட்டமாகப் போய் வரலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நாமே நடத்துகிற இந்தக் கூட்டத்தைக் காட்டி, "அவர்களே கற்றுக்கொள்கிறார்களே, நாம் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?" என்று நிர்வாகம் கை கழுவ இடம் கொடுக்கக் கூடாது. அதனால் முதல் இரண்டு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது கூட்டம் வேலை நாளில், அனுமதிக் கடிதத்தோடு. கடிதத்தை எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டுவார்கள். அந்த அனுபவம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இரண்டு வேலைகளை இன்றே ஆரம்பிக்கலாம். ஒன்று, தமிழ்ப் பெயர்களை எப்படிப் பதிவது என்பதற்கு நூறு பெயர்கள் கொண்ட ஒரு மாதிரிப் பட்டியல். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் நூல்நிலையத்தில் நாலு விதமாகப் பதிவாகியிருக்கிற பெயர்களில் பத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது, உங்கள் நூல்நிலையத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், எத்தனை வருஷமாக, என்ன வேலை, எந்தத் தேதியில் கடைசியாக எந்தப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள், செலவு யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அனுப்பவே இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள்; அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டாம். தாள்கள் வாசலில் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று இன்றைக்கு லீவு கிடைக்காமல் வராமல் போன தோழருக்கு.